ஜப்பானியக் கத்தி வாங்குபவர்கள் கேட்டவை

முதல் முறையாக ஜப்பானியக் கத்தி வாங்கப்போகிறேன். ஐந்து கத்தி கொண்ட செட் ஒன்று பார்த்தேன். வாங்கலாமா?

வேண்டாம். செட்டில் இரண்டு கத்தி உழைக்கும், மூன்று தூங்கும். அந்தப் பணத்துக்கு நல்லதாக ஒரே கத்தியும் ஒரு சாணைக்கல்லும் வாங்குங்கள். கல் இல்லாமல் கத்தி மட்டும் வாங்குபவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை. எவ்வளவு விலை உயர்ந்த கத்தியும் சில மாதங்களில் மழுங்கத்தான் செய்யும்.

உங்கள் சமையலில் காய்கறியே பிரதானம் என்றால் நாகிரி. செவ்வக வடிவம், கூர் பக்கம் ஏறக்குறைய நேர்கோடு. கீரை, கோஸ், வெங்காயம் எல்லாம் பலகையோடு முழுசாக அறுபடும், நூல்போல ஒட்டிக்கொண்டு வராது. காயும் எலும்பில்லாத கறியும் கலந்து சமைப்பவர்களுக்கு 165 முதல் 180 மில்லிமீட்டர் வரையிலான சான்தோகு. பெரிய கத்தி பழகியவர் என்றால் 210 மில்லிமீட்டர் கியூதோ.

ஒரு எச்சரிக்கை. உசுபா என்று ஒன்று நாகிரி போலவே இருக்கும். அது ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டிய, தொழில்முறை சமையல்காரர்களின் கத்தி. பழகாத கையில் வெட்டு கோணிக்கொண்டே போகும். அதுவும் வலக்கைக்காரர்களுக்கென்று செய்தது. இடக்கைக்குத் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும், விலையும் கூடும்.

வெள்ளை எஃகு, நீல எஃகு, விஜி-10 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சிறந்தது?

எது சிறந்தது என்பதைவிட, உங்கள் வீட்டில் அந்தக் கத்தியை யார் யார் எடுப்பார்கள் என்பதுதான் முக்கியம்.

வெள்ளை, நீலம் இரண்டும் ஷிமானே மாநிலத்தின் யாசுகியில் தயாராகும் கார்பன் எஃகு. நிறம் எஃகினுடையது அல்ல, அடையாளத்துக்கு ஒட்டும் காகிதத்தினுடையது. வெள்ளையில் கலப்பு மிகக் குறைவு. கல்லில் வைத்ததும் சட்டென்று கூர் ஏறும். நீலத்தில் குரோமியமும் டங்ஸ்டனும் கொஞ்சம் சேர்கின்றன. தீட்டக் கூடுதல் நேரம் பிடிக்கும், ஆனால் கூர் நின்று பேசும். துருப் பிடிப்பது இரண்டுக்கும் பொது. நீல எஃகு துருப்பிடிக்காது என்று விற்பவர் சொன்னால் கடையை மாற்றுங்கள்.

விஜி-10 ஃபுக்குயி மாநிலத்தில் உருவான ஸ்டெயின்லெஸ் எஃகு. கார்பன் எஃகு அளவுக்குத் தீட்டச் சுகம் இல்லை. ஆனால் நறுக்கிய கத்தியை சிங்க்கில் போட்டுவிட்டு போன் பேசப் போகும் வீடுகளுக்கு இதுதான் சரி. இன்னொரு ஸ்டெயின்லெஸ், கின்சான். கல்லில் கார்பன் எஃகு மாதிரியே நடந்துகொள்ளும். கிடைத்தால் என் ஓட்டு இதற்கே.

எதை வாங்கினாலும் ஒன்றை மனதில் வையுங்கள். ஜெர்மன் கத்திகளின் கடினம் ராக்வெல் அளவில் பொதுவாக 56 முதல் 58. ஜப்பானியக் கத்திகளில் 60-க்கு மேல் சகஜம். கடினமாக இருப்பதால்தான் அவ்வளவு மெல்லிய கூர் தாங்குகிறது. அதே காரணத்தால், முரட்டுத்தனமாகக் கையாண்டால் வளையாது, சில்லு பெயரும்.

டமாஸ்கஸ் அலைக்கோடு போட்ட கத்தி நன்றாக வெட்டுமா?

கோடு வெட்டாது. வெட்டுவது நடுவில் இருக்கும் கடின எஃகு. அலைகள் அதன் இருபுறமும் போர்த்திய மெல்லிய அடுக்குகள். அழகுக்காக வாங்குகிறேன் என்றால் தாராளமாக.

கார்பன் எஃகுக் கத்தி ஒரே வாரத்தில் சாம்பலும் நீலமுமாக மாறிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை, இனிமேல்தான் அது பத்திரம். வெங்காயம், தக்காளி, மாங்காய் பட்டு உருவாகும் அந்தப் படலம் செந்துருவை ஓரளவு தடுக்கும். தேய்த்து எடுக்காதீர்கள். ஆரஞ்சு நிறத்தில், விரலில் ஒட்டும்படி இருந்தால்தான் துரு. அதைச் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போகும்.

புளிப்பான காய் நறுக்கும்போது நடுநடுவே துணியால் துடையுங்கள். வேலை முடிந்ததும் கழுவி உடனே உலர்த்துங்கள். நாள்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் லேசாக எண்ணெய். ஜப்பானில் கமேலியா விதை எண்ணெய் பூசுவார்கள். தேங்காய் எண்ணெயும் சில நாளுக்குப் பரவாயில்லை. மாதக்கணக்கில் விட்டால் சிக்கு வாடை வரும்.

தேங்காய், முருங்கைக்காய், மீன் தலை எல்லாம் வெட்டலாமா? ஓரத்தில் சின்னதாகப் பெயர்ந்திருக்கிறது.

பெயர்ந்ததற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. முருங்கைக்காய் சரி, நேராக அழுத்தினால் போதும். ஓட்டிலிருந்து எடுத்த தேங்காய்ப் பத்தையும் சரி. ஓடு, எலும்பு, உறைந்த கறி, மாங்கொட்டை கூடாது. பரங்கிக்காயில் கத்தி சிக்கினால் திருகாதீர்கள். பக்கவாட்டு அழுத்தம்தான் கூரை உடைக்கும்.

மீனுக்கென்றே தெபா இருக்கிறது. முதுகு தடிமனானது, நடுத்தர மீனின் தலையைச் செவுளுக்குப் பின்னால், கத்தியின் அடிப்பகுதியால் வெட்டலாம். கோழி எலும்புக்கு அதையும் எடுக்காதீர்கள். வஞ்சிரத்தைத் துண்டு போடும் வேலையை மீன்காரரிடமே விட்டுவிடுங்கள். அப்புறம், அருவாமனையை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்!

பலகையும் முக்கியம். கிரானைட் மேடை, கண்ணாடிப் பலகை, எவர்சில்வர் தட்டு மூன்றும் கத்திக்கு எமன். மரப்பலகை போதும். நறுக்கியதைக் கூரால் வழிக்காமல் முதுகுப்பக்கத்தைத் திருப்பி வழியுங்கள். சின்னப் பெயர்வுகள் 400 எண் கல்லில் (எண் குறையக் குறையக் கல் சொரசொரப்பு) பொறுமையாகத் தீட்டினால் மறைந்துவிடும்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா? வீட்டில் தீட்டுவது கஷ்டமா?

அவர் நம் ஊர் கத்திக்குக் கெட்டிக்காரர். ஆனால் வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் மெல்லிய கூர் சூடேறினால் எஃகின் பதம் போய்விடும். இழுத்து எடுக்கும் பிளாஸ்டிக் கருவியும் வரிவரியான இரும்புக் கம்பியும் அதைவிட மோசம்.

1000 கல் ஒன்று வாங்குங்கள். பின்னால் விருப்பப்பட்டால் 3000 அல்லது 6000. ஊறவைக்கும் வகை என்றால், தண்ணீரில் போட்டுக் குமிழ் நிற்கும்வரை விடுங்கள். ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி என்பார்கள். அதை எப்படி அளப்பது? 45 மில்லிமீட்டர் அகலக் கத்திக்கு முதுகைக் கல்லிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தூக்கினால் அதுதான் 15 டிகிரி. அந்த உயரத்தை மாற்றாமல் தீட்டிக்கொண்டே வாருங்கள். மறுபக்கத்தில் விரலைக் கூருக்கு வெளியே பார்த்து மெதுவாக இழுத்தால் சொரசொரப்பாக ஒரு பிசிறு தட்டுப்படும். அடி முதல் நுனிவரை அது வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். பாதியில் திருப்புவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. எவ்வளவு தேய்த்தும் கூர் வரவில்லை என்று புலம்புவதும் இதனால்தான். கடைசியில் அழுத்தமே இல்லாமல் மாறி மாறி இழுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள்.

தக்காளித் தோலில் கத்தி வழுக்கினால் தீட்டும் நேரம் வந்துவிட்டது. கல் நடுவில் குழிந்தால் கல்லையும் சமப்படுத்த வேண்டும்.

ஜப்பான் போகிறேன். எங்கே வாங்கலாம்?

டோக்கியோவின் கப்பாபாஷி தெருவில் எல்லா ஊர்க் கத்தியும் கிடைக்கும். நேரம் இருந்தால் ஒசாகாவை ஒட்டிய சகாய்க்குப் போங்கள். அங்கே அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் இன்னொருவர், பிடி மாட்டுபவர் வேறொருவர். கத்தியில் பொறித்திருக்கும் பெயர் பல சமயம் இவர்கள் யாருடையதும் அல்ல, விற்கும் கடையினுடையது. அதனால் அடித்தவர் யார், தீட்டியவர் யார் என்று கேளுங்கள். நல்ல கடையில் சொல்வார்கள். ஃபுக்குயி பக்கம் போனால், எச்சிசென் கொல்லர்கள் சேர்ந்து நடத்தும் தாகெஃபு கத்திக் கிராமத்தில் அடிப்பதையே பார்க்கலாம்.

வாங்குமுன் கத்தியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, முதுகுவழியே பார்த்து வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கியபின் கடையில் கட்டிக்கொடுத்ததைப் பிரிக்காதீர்கள். தகுந்த காரணமில்லாமல் 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான கத்தியோடு நடமாடுவது அங்கே குற்றம். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில்தான் போட வேண்டும்.

மரப்பிடி ஆடுகிறது. டிஷ்வாஷரில் போட்டதாலா?

ஆமாம். வெந்நீரும் சூடும் மரத்தை உப்பவைத்துச் சுருக்கிவிடும், கூரும் உள்ளே இடிபடும். ஜப்பானிய மரப்பிடி பெரும்பாலும் உள்ளே செருகியதுதான், மாற்றிக்கொள்ளலாம். வாங்கிய கடையில் புதுப் பிடி போட்டுத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.