ஒரு முத்தத்துக்கு ஒரு பானை சூப்

கேள்வி: என் 13 வயது மகள் 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிடக்கூட வரமாட்டேன் என்கிறாள். நான் படம் பார்த்தேன். பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்கிறார்கள், நடுவில் காதல் வேறு. அறிவியல் புனைகதை என்கிறார்கள், இதில் அறிவியல் எங்கே இருக்கிறது? ஜப்பானியக் கதையின் காப்பி என்றும் சொல்கிறார்கள். இதையெல்லாம் படிக்க விடலாமா?
(ஒரு தகப்பன், திருச்சி)

பதில்: நீங்கள் படம் பார்த்திருக்கிறீர்கள், உங்கள் மகள் புத்தகம் படிக்கிறாள். அப்புறம் சண்டை வராமல் என்ன செய்யும்? இரண்டும் தெரியாதவர்களுக்கு ஒரு வரியில் கதை: ஆளும் நகரம் ஒன்று தன் கீழுள்ள 12 மாவட்டங்களிலிருந்தும் வருஷா வருஷம் குலுக்கலில் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் எடுத்து, ஒருவர் மிஞ்சும்வரை கொன்றுகொள்ளச் சொல்லி, அந்த ஆட்டத்தை டிவியில் காட்டுகிறது. 2012இல் வந்த படத்தில், ஆட்டத்தை நடத்துகிறவர்களின் அறைக்குள் கேமரா இஷ்டத்துக்குப் போய் வருகிறது. 2008இல் சூசன் காலின்ஸ் எழுதிய நாவலில் அந்த அறைக்குள் நமக்கு அனுமதியே கிடையாது. காட்னிஸ் என்ற 16 வயதுப் பெண் 'ஓடுகிறேன், மரத்தில் ஏறுகிறேன், தாகமாக இருக்கிறது' என்று நிகழ்காலத்திலேயே சொல்லிக்கொண்டு போகிறாள், மேலே உட்கார்ந்திருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அவளோடு சேர்ந்து நாமும் ஊகிக்கத்தான் வேண்டும். புத்தகத்தின் பாதி பலம் இந்த ஊகத்தில் இருக்கிறது.

காப்பி விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கோஷுன் தகாமியின் 'பேட்டில் ராயல்' 1999இல் வந்தது. பள்ளிப் பிள்ளைகளைத் தீவில் விட்டு, ஒருவர் மிஞ்சும்வரை கொன்றுகொள்ளச் சொல்லும் கதை. சாயல் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தன் நாவலை எழுதிக் கொடுத்து முடிக்கும்வரை அப்படியொரு புத்தகம் இருப்பதே தெரியாது என்கிறார் காலின்ஸ். அவர் காட்டும் மூலம் கிரேக்கக் கதை: ஏழு பையன்களையும் ஏழு பெண்களையும் ஏதென்ஸ் நகரம் கிரீட் தீவுக்கு அனுப்பி மினோட்டாருக்கு இரையாக்கியதும், தீசியஸ் தானே முன்வந்து போனதும். சரி, விதை எங்கிருந்து வந்தால் என்ன, இவர் நிலத்தில் முளைத்தது பசி. தலைப்பிலேயே இருக்கிறது, ஆனாலும் பாதிப் பேர் கண்ணில் அது படுவதில்லை, கத்தியும் வில்லும்தான் படுகின்றன.

குலுக்கல் கணக்கைப் பாருங்கள். 12 வயதில் ஒரு சீட்டு, 13இல் இரண்டு, இப்படி ஏறி 18இல் ஏழு. எல்லோருக்கும் பொது, நியாயம்தானே? இல்லை. வீட்டில் சோறில்லாத பிள்ளை தன் பெயரை இன்னொரு தடவை போட்டுக்கொண்டால் ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான தானியமும் எண்ணெயும் கிடைக்கும், அதுவும் அரைகுறையாக. காட்னிஸ் தனக்கு, தங்கைக்கு, அம்மாவுக்கு என்று வருஷா வருஷம் மூன்று தடவை கூடுதலாகப் போடுகிறாள். 16 வயதில் அவள் பெயர் 20 சீட்டுகளில். ஐந்து வயிறுகளைக் காப்பாற்றும் நண்பன் கேல் பெயர் 42 சீட்டுகளில். மேயர் மகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஏழையின் சாவுக்கான வாய்ப்பு அவன் வாங்கும் தானியத்தோடு சேர்ந்து ஏறுகிறது என்பதை ஒரு எழுத்தாளர் இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வார்? உங்கள் மகள் சாப்பிட வராமல் படித்துக்கொண்டிருப்பது இதைத்தான். (கூப்பிட்டுப் பாருங்கள், தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கமாட்டாள்.)

காதல் என்று முகம் சுளித்தீர்களே, அதற்கு வருகிறேன். ஆட்டத்தின் ஆரம்பத்தில் காட்னிஸுக்குத் தண்ணீர் இல்லை, நாக்கு வறண்டுவிட்டது. வெளியே இருக்கும் பயிற்சியாளர் ஹேமிட்ச், டிவி பார்க்கும் பணக்காரர்கள் கொடுக்கும் காசில் பாராசூட்டில் பொருள் அனுப்பலாம், ஆனால் அனுப்பவில்லை. குடிகாரன், மறந்துவிட்டானா? யோசிக்கிறாள்: அனுப்பவில்லை என்றால் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம். தடுமாறி நடந்து விழுந்த இடத்தில் கையில் சேறு தட்டுப்படுகிறது, தவழ்ந்து போனால் குளம் இருக்கிறது. பிற்பாடு குகையில் அவள் மாவட்டத்துப் பையன் பீட்டா காலில் வெட்டுப்பட்டு ஜுரத்தில் கிடக்கும்போது அவனுக்கு ஒரு முத்தம் கொடுக்கிறாள், உடனே வெளியே பாராசூட்டில் ஒரு பானை சூப் வந்து இறங்குகிறது. அவளுக்குச் சட்டென்று புரிகிறது: ஒரு முத்தத்துக்கு ஒரு பானை. இன்னும் வேண்டுமா, இன்னும் நடி. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு கொஞ்சலிலும் நமக்குச் சந்தேகம், அவளுக்கும் சந்தேகம், எது நடிப்பு எது நிஜம் என்று. நீங்கள் காதல் என்று பார்த்தது ஒரு வியாபாரம், சார். பையனுக்கு மட்டும் அது தெரியாது. முடிவில் தெரியவரும்போது அவன் முகத்தைப் பாருங்கள்.

அறிவியல்? இருக்கிறது, ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. ஆளும் நகரமான கேபிடல், எதிரிகளின் பேச்சை அப்படியே மனப்பாடம் செய்துவந்து ஒப்பிக்கும் ஒரு பறவையை ஆய்வுக்கூடத்தில் உருவாக்குகிறது, எல்லாமே ஆண். எதிரிகள் விஷயம் தெரிந்துகொண்டு அதன் காதில் பொய்யாக ஊதி அனுப்புகிறார்கள். அவமானத்தில் அந்தப் பறவைகளைச் சாகட்டும் என்று காட்டில் விட்டால், அவை சாகவில்லை, அங்கிருந்த வேறு இனத்தோடு கூடிப் புது இனம் பிறக்கிறது. அதற்குப் பேச்சு வராது, பாட்டு மட்டும் வரும். யாரும் திட்டமிடாத உயிர். போட்டியில் இருக்கும் 12 வயதுச் சிறுமி ரூ நாலே ஸ்வரத்தில் பாட, மரம் மரமாக அதைக் கடத்திக்கொண்டு போகும் பறவை இதுதான். நல்ல அறிவியல் புனைகதை என்றால் எனக்கு இது போதும்.

மற்றபடி இவர் அறிவியலில் தேறமாட்டார். மணிக்கு 250 மைல் வேகத்தில் ரயில் விடுகிறவர்கள், சத்தமில்லாமல் வந்து பிணம் தூக்கும் விமானம் வைத்திருப்பவர்கள், ஒரு மாவட்டத்தையே பட்டினி போட்டுக் கரி வெட்ட வைக்கிறார்களாம். எந்த உலைக்கு அவ்வளவு கரி? அடக்கி வைக்கத்தான் என்று நீங்கள் வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள், புத்தகம் சொல்லவில்லை. கடைசியில் வரும் ஓநாய்கள் இன்னும் மோசம். செத்துப்போன போட்டியாளர்களின் கண்கள் அவற்றுக்கு இருக்கின்றனவாம், கழுத்துப் பட்டையில் மாவட்ட எண்ணும் உண்டு. நிஜக் கண்ணா, போலியா, உள்ளே அவர்கள் நினைவு ஏதாவது இருக்கிறதா? காட்னிஸ் கேட்கிறாள், பதில் இல்லை, கதை ஓடிவிடுகிறது. பயமுறுத்தக் கொண்டுவந்த பேய், அவ்வளவுதான்.

ஆனால் என் பெரிய குறை வேறு. 24 பேரில் ஒருவர்தான் மிஞ்சலாம் என்று விதி வைத்தாயிற்று. அப்படியானால் ஒரு நாள் காட்னிஸ் நல்லவர் ஒருவரைக் கொன்றாக வேண்டும், அல்லது சாக வேண்டும். அந்த நாள் வராமல் பார்த்துக்கொள்வதிலேயே ஆசிரியர் குறியாக இருக்கிறார். ரூவோடு கூட்டு சேர்கிறாள், ரூவை வேறொருவன் ஈட்டியால் கொன்றுவிடுகிறான். ரூவின் மாவட்டத்துப் பையன் த்ரெஷ் காட்னிஸை உயிரோடு விடுகிறான், பிறகு அவனையும் வேறு யாரோ முடித்துவிடுகிறார்கள். ஒரு பெண், பீட்டா தெரியாமல் பறித்த விஷப் பழத்தைத் தானே திருடித் தின்று செத்துப்போகிறாள், எவ்வளவு வசதி! காட்னிஸ் கையால் விழுகிறவர்களும் உண்டு, ஆனால் குளவிக் கூட்டைத் தள்ளியதில், ரூவைக் கொன்றவனைப் பார்த்த வேகத்தில், ஓநாய் வாயில் துடித்தவன் மேல் இரக்கப்பட்டு. எல்லாவற்றுக்கும் நம்மிடம் மன்னிப்பு தயார். கையில் ரத்தம் இருக்கிறது, கறை இல்லை.

ஒரே ஒரு நொடி மட்டும் தப்பிவிட்டது. ஒரே மாவட்டத்து இரண்டு பேர் ஜெயிக்கலாம் என்று ஆட்டத்தின் நடுவில் கொடுத்த சலுகையைக் கடைசியில் வாபஸ் வாங்குகிறார்கள். பீட்டா கத்தியை எடுக்கிறான். யோசிப்பதற்கு முன்பே காட்னிஸின் அம்பு அவன் நெஞ்சைக் குறி பார்த்து நிற்கிறது. அவன் எடுத்தது தூக்கி எறிவதற்கு. அவள் முகத்தில் வெட்கம் எரிகிறது. நாவல் இங்கேயே நின்று அந்த வெட்கத்தைத் தோண்டியிருந்தால் எங்கேயோ போயிருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து விஷப் பழத்தைத் தின்னப்போவதாக மிரட்டிச் சாமர்த்தியமாக வெளியே வந்துவிட்டார்கள்.

எனவே, பிடுங்காதீர்கள். மகள் முடித்ததும் வாங்கிப் படியுங்கள், அந்த அம்பைப் பற்றி அவளிடமே கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சண்டை போடுவாள். 2009லும் 2010லும் வந்த அடுத்த இரண்டு பாகங்களைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. தனிக் கேள்வியாக அனுப்புங்கள், இந்தத் தடவை படித்துவிட்டு.