சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

நம் நர்ஸ்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

நைட் டியூட்டியில் இன்சுலின் போட்ட பிறகுதான் சிரிஞ்ச் மாறியதைக் கவனித்தேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னால் மெமோ வரும். சொல்லாமல் விட்டது தப்பா? (அம்பத்தூர்)

சொல்லாமல் விட்டது தப்புதான். சிரிஞ்ச் மாறியது உங்கள் ஒருவருடைய தப்பு இல்லை. நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் இன்சுலினும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே ஏறியிருப்பது 25 யூனிட். இரண்டரை மடங்கு! விடியற்காலை மூன்று மணிக்கு நோயாளி சர்க்கரை இறங்கி, வியர்த்து மயங்கிக் கிடப்பார். நாம் நல்ல தூக்கம் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டு வருவோம். அப்படியே தலைகீழாக மாறினால் 10க்குப் பதில் 4 யூனிட்தான் போகும். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று டாக்டர் டோஸை ஏற்றுவார்.

இனி இப்படி நடந்தால் உடனே சர்க்கரை பாருங்கள், டியூட்டி டாக்டரை எழுப்புங்கள், விடியும்வரை அடிக்கடி பாருங்கள், கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதுங்கள். இரண்டு வகை சிரிஞ்சும் ஒரே ட்ரேயில் கிடக்கிற சங்கதி அப்போதுதான் மேலே இருப்பவர்களுக்குத் தெரியும். நானும் ஒருமுறை மறைத்திருக்கிறேன். வேறு மருந்து, எப்போதோ நடந்தது. அடுத்த வாரம் அதே தப்பை இன்னொரு பெண் செய்தாள். மெமோ அவளுக்குப் போனது.

ஒரே வார்டில் இரண்டு லட்சுமி. பெட் நம்பரை வைத்து மாத்திரை கொடுக்கலாமா? (தாம்பரம்)

கூடாது. ஃபேன் காற்று வரவில்லை என்று மத்தியானமே பெட் மாறிக்கொள்பவர்கள் நம் ஆட்கள். "நீங்கதானே லட்சுமி?" என்றும் கேட்காதீர்கள். காது மந்தமான பாட்டி எதற்கும் "ஆமாம்மா" என்பார். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டு அவரைச் சொல்ல வையுங்கள். அப்புறம் கைப்பட்டையில் ஐ.பி. (உள்நோயாளி) நம்பரைப் பாருங்கள். வெளிமாநில நோயாளிகள் நிறைய வரும் கிரீம்ஸ் சாலை ஆஸ்பத்திரிப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் தமிழ் புரியாமல் சும்மா தலையாட்டிவிடுவார்கள்.

ஊசி குத்திவிட்டது. விரலைப் பிழிந்து ரத்தத்தை வெளியேற்றினேன். சரியா? (பெரம்பூர்)

பிழியக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், ஸ்பிரிட்டும் வேண்டாம். எல்லோரும் எச்.ஐ.வி.க்குத்தான் பயப்படுகிறோம்; தொற்றுள்ளவரின் ஊசி குத்தினால் அது வரும் வாய்ப்பு 1000க்கு 3. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வரும் வாய்ப்போ 100க்கு 30 வரை. அந்தத் தடுப்பூசியின் மூன்று டோஸும் முடித்தீர்களா? எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 28 நாள் சாப்பிட வேண்டும். டியூட்டி முடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

நோயாளியின் மகன் கையை ஓங்கினார். நிர்வாகம் "விட்டுவிடுங்க சிஸ்டர்" என்கிறது. (திருவொற்றியூர்)

ஏன் விட வேண்டும்? மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறைக்குத் தமிழ்நாட்டில் 2008லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் அது, டாக்டரைப் போலவே நர்ஸுக்கும் பொருந்தும். புகாரை வாயால் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வீட்டில் வையுங்கள்.