மாதிரிக் கட்டுரையும் மகளின் கதையும்

வணக்கம். தொடக்கநிலை 5 படிக்கும் மகள், துணைப்பாட ஆசிரியர் கொடுத்த மாதிரி ஆங்கிலக் கட்டுரைகளை மனப்பாடம் செய்யத் தொடங்கியதிலிருந்து சொந்தக் கதை எழுதுவதையே விட்டுவிட்டாள் என்கிறீர்கள்.

பழியை முழுக்க, சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் தலையில் போடாதீர்கள். 15 வயது மாணவர்களின் திறனைப் பல நாடுகளில் சோதிக்கும் பீசா ஆய்வின் 2022ஆம் ஆண்டுப் படைப்பாக்கச் சிந்தனைப் பிரிவில் சிங்கப்பூர்தான் முதலிடம். கணிதத்தில் கொடிகட்டிப் பறக்கும் ஹாங்காங்கும் மக்காவும் அதில் ஓஇசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பு) நாடுகளின் சராசரியைத் தாண்டவில்லை.

பிஎஸ்எல்இ கட்டுரையில் ஒரு தலைப்பு, மூன்று படங்கள், குறைந்தது 150 சொற்கள். ஒரு படத்தைப் பயன்படுத்தினாலே போதும். சொந்தக் கற்பனைக்குத் தாராளமாக இடமிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் 'கருமேகங்கள் சூழ்ந்தன' என்றே தொடங்கினால் திருத்துபவருக்குக் கொட்டாவிதான் வரும்!

வாரம் ஒருமுறை மூன்று படங்களைக் கொடுத்துக் கதையை வாயால் சொல்லச் சொல்லுங்கள். குறுக்கே திருத்தாதீர்கள். மறுநாள் எழுதட்டும். மனப்பாடம் வேண்டாமென்று ஆசிரியரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.