அம்மா எதைப் பிடித்துக்கொள்வார்?

கேள்வி: 350 சிசி புல்லட் வைத்திருக்கிறேன். மாதம் இரண்டு முறை கோபியிலிருந்து ஈரோட்டுக்கு அம்மாவை (வயது 63) ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். முதுகு வலிக்கிறது என்கிறார். பின்சீட்டுக்கு பேக்ரெஸ்ட் மாட்டலாம் என்று நினைக்கிறேன். தனியாகப் போகும்போது வண்டியின் லுக் கெடக்கூடாது என்பதால் கழற்றி மாட்டுகிற மாதிரி வேண்டும். பின்னால் இருக்கும் கைப்பிடியை எடுத்தால்தான் அதைப் பொருத்த முடியும் என்கிறார் மெக்கானிக். அம்மா சேலைதான் கட்டுவார், ஒருபக்கமாகத்தான் உட்காருவார். சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கிற சாரி கார்டை வண்டி எடுத்த வாரமே கழற்றிவிட்டேன். அம்மாவே முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொள்வதால் பிரச்சினை இல்லை. எந்த மாதிரி பேக்ரெஸ்ட் வாங்கலாம்?
- கோபி வாசகர்

பதில்: இந்தக் கேள்வி ஏதாவது ஒரு ரூபத்தில் வந்துகொண்டேதான் இருக்கிறது, தம்பி. அம்மாவுக்கு, மனைவிக்கு, மாமியாருக்கு என்று ஆள் மாறும். வண்டியின் லுக் மட்டும் எந்தக் கடிதத்திலும் விட்டுப்போவதில்லை.

பேக்ரெஸ்டை அப்புறம் பார்ப்போம். ‘அம்மாவே முந்தானையைப் பிடித்துக்கொள்வதால் பிரச்சினை இல்லை’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, யாருக்குப் பிரச்சினை இல்லை? ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் கையில் ஃபைலும் மாத்திரையும் இருக்கிற பை ஒன்று இருக்கும். இன்னொரு கையில் முந்தானை. வேகத்தடையில் வண்டி தூக்கிப் போடும்போது அவர் எதைப் பிடிப்பார்? உங்கள் தோளையா? அதற்கு மூன்றாவது கை வேண்டும். அவர் பிடித்திருப்பதும் முந்தானையைத்தான். சக்கரத்துப் பக்கம் தொங்குகிற கொசுவத்தை யார் பிடிப்பது? அதற்குத்தான் கம்பெனிக்காரன் இடது பக்கம் ஒரு கார்டு வைத்துக் கொடுத்தான். சக்கரத்தில் சிக்கினால் சேலை மட்டும் போகாது, கட்டியிருப்பவரையும் சேர்த்துக் கீழே இழுக்கும்.

பின்சீட்டுக்காரருக்கு ஒரு கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கிற தடுப்பு, இந்த மூன்றும் இருந்தாக வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், 123-ஆவது விதியாக எழுதியே வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றை ஏற்கெனவே கழற்றிவிட்டீர்கள். இன்னொன்றைக் கழற்றலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். மிச்சம் ஃபுட்ரெஸ்ட்தான். லுக்குக்கு அதுவும் இடைஞ்சல் என்று அடுத்த மாதம் எழுதிவிடாதீர்கள்.

பேக்ரெஸ்ட் என்பது இரண்டு பக்கமும் கால் போட்டு, முன்னால் பார்த்து உட்காருகிறவருக்குச் செய்த சாமான். வண்டி சட்டென்று கிளம்பும்போது அவர் பின்னால் சரியாமல் தாங்கும். ஒருபக்கமாக உட்காருகிற உங்கள் அம்மாவுக்கு அது இடது தோளுக்குப் பக்கத்தில்தான் வரும். பின்னால் வழுக்குவதைக் கொஞ்சம் தடுக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் இருப்பது பேக்ரெஸ்ட் இல்லை, வெறும் காற்று. வலி அங்கேதான். உடம்பை ஒரு பக்கமாக முறுக்கி, விழுந்துவிடாமல் இருக்க வழி முழுக்க இடுப்பை இறுக்கிக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் வலிக்காது? எத்தனை ரூபாய் மெத்தை வைத்தாலும் அந்த வலிக்கு அது மருந்தாகாது.

கழற்றி மாட்டுகிற யோசனையிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அம்மாவுக்கு முடியவில்லை என்று திடீரென்று போன் வரும்போது நீங்கள் வேலையில் இருப்பீர்கள், பேக்ரெஸ்ட் வீட்டு அலமாரியில் இருக்கும். மெக்கானிக் சொன்னபடி கைப்பிடியையும் எடுத்திருந்தால் அன்றைக்குப் பின்சீட்டு வெறும் பலகைதான். வீட்டு வண்டியில் முதல் உரிமை அதில் ஏறுகிற பெரியவர்களுக்கு. டீக்கடை வாசலில் நின்று வண்டியைப் பார்க்கிறவனுக்கு இல்லை. இதை நான் யாருக்காகவும் மாற்றிக்கொள்வதாக இல்லை.

சரி, வாங்குகிற விஷயம். முதலில் சாரி கார்டு பழைய இடத்துக்கு வரட்டும். வளைந்திருந்தால் புதிது வாங்குங்கள், நீங்கள் பார்க்கிற பேக்ரெஸ்டின் விலைக்குப் பக்கத்தில்கூட அது வராது. அம்மா சுடிதார் போட்டுக்கொள்ளச் சம்மதித்து, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார முடிந்தால் மட்டும் பேக்ரெஸ்ட் வாங்குங்கள். கட்டாயப்படுத்தாதீர்கள். 63 வயதில் அவர் எப்படி உட்காருவது என்பதை அவர்தான் முடிவு செய்வார். அப்படி வாங்கினால், கைப்பிடி அதன் இடத்திலேயே இருக்க, அதோடு சேர்ந்து மாட்டுகிற மாதிரியே பாருங்கள். மட்கார்டு தகட்டில் மட்டும் திருகுகிறதை வாங்கவே வேண்டாம், வண்டியின் எலும்புக்கூடான சேஸிஸில் போல்ட் ஏறவேண்டும். கடையிலேயே அம்மாவை உட்கார வைத்துப் பாருங்கள். மெத்தை இடுப்புக்குச் சற்று மேலே தாங்க வேண்டும், ஆளை முன்னால் தள்ளக்கூடாது. கையால் பிடித்து உலுக்கினால் ஆடுகிற பூட்டு, கோபி ரோட்டில் பத்து நாளைக்குத் தாங்காது.

சேலையை விட அவருக்கு மனமில்லை என்றால் ஈரோட்டுக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போங்கள். அரை நாள் லீவு போகும், போகட்டும். உள்ளூரில் கோயிலுக்கோ ரேஷன் கடைக்கோ வண்டியில் போகும்போது பையை நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள், அவர் கை காலியாக இருக்கட்டும்.

கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டேன். அம்மாவின் ஹெல்மெட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பின்னால் உட்காருகிறவருக்கும் அது சட்டம், போடாவிட்டால் ரூ.1,000 அபராதம். பேக்ரெஸ்டுக்கு எடுத்து வைத்த பணத்தில் முதலில் அதை வாங்குங்கள். அம்மாவையும் கடைக்கு அழைத்துப் போய், கொண்டையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள்.