கோவையில் அடித்த கோல் ஜப்பான் வரைக்கும் போனது

கேள்வி: ஐயா, எங்களுக்குப் பெருந்துறைப் பக்கமுங்க. பையனுக்கு 16 வயசு, பிளஸ் 1 படிக்கிறான். பள்ளிக் கால்பந்து டீமில் ஃபார்வர்டு, கோல் அடிக்க முன்னால் ஆடுகிற இடம். மாவட்ட அளவில் ஆடியிருக்கிறான். போன மாதம் திருப்பூரில் ஒரு டர்ஃபில் (செயற்கைப் புல் மைதானம்) அவன் ஆடியதைப் பார்த்த ஒருத்தர், "போர்ச்சுகலில் 3 வாரம் ட்ரையல்ஸ், கிளப்புக்குப் பிடித்துவிட்டால் அங்கேயே ஒப்பந்தம்" என்கிறார். மொத்தம் 6 லட்சம் ஆகுமாம். முன்பணம் 1 லட்சத்தை இந்த மாதக் கடைசிக்குள் கட்டச் சொல்கிறார். அனுப்பலாமா என்று நான் யோசிக்கிறேன், பையன் அனுப்பினால்தான் சோறு தின்பேன் என்கிறான். இங்கேயே இருந்தால் ஃபார்வர்டாக முன்னுக்கு வர வழி இருக்குதுங்களா?

பதில்: முன்பணத்தைக் கட்டாதீங்க. மற்றதை நிதானமாகப் பேசலாம்.

முதலில் சட்டம். 18 வயது முடியாத ஆட்டக்காரரை வேறு நாட்டு கிளப் பதிவு செய்துகொள்ளக் கூடாது என்பது பிஃபாவின் விதி. சில விலக்குகள் உண்டு. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத வேலையாக அந்த நாட்டுக்கே குடிபோயிருந்தால் ஒரு வழி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே மாறுகிற 16 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வழி. நாட்டு எல்லையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஒரு வழி. பெருந்துறையில் இருக்கிற உங்கள் பையனுக்கு இதில் எதுவும் ஒட்டாது. ட்ரையலில் அவன் நாலு கோல் அடித்து, பார்த்த கோச் மயங்கியே போனாலும், இன்னும் 2 வருஷத்துக்கு அந்த கிளப் அவன் பெயரைப் பதிய முடியாது. "அங்கேயே ஒப்பந்தம்" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு இந்த விதி தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

நீங்கள் திருப்பூரை ஒட்டி இருப்பவர், உங்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும். வெளிநாட்டு பையர் சரக்கு பிடித்தால் காசு கொடுத்து வாங்குவான். நாம் காசும் கொடுத்து, சரக்கையும் கப்பலேற்றி, "தயவுசெய்து போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்வதை யாரும் ஏற்றுமதி என்று சொல்ல மாட்டார்கள். கால்பந்திலும் அதே கணக்குத்தான். ஆள் வேண்டும் என்று நினைக்கிற கிளப் டிக்கெட் போட்டு, தங்க இடம் கொடுத்துக் கூப்பிடும்.

என்னிடம் ஆடிய பையன் ஒருவன் சில வருஷங்களுக்கு முன் இப்படிப் போனான். அப்பாவுக்குச் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி, 8 தறியில் 2 தறியை விற்றார். அங்கே போய் இறங்கினால் கிளப்பின் பெயர் போட்ட பனியன் கொடுத்தார்களாம், கிளப்பின் கோச்சைத்தான் காணோம். பல நாடுகளிலிருந்து இவனைப் போலவே பணம் கட்டி வந்த பையன்கள் தங்களுக்குள் ஆடிக்கொண்டார்கள். கடைசி நாள் ஒரு சான்றிதழ். திரும்பி வந்தவன் அந்தச் சீசன் முழுக்க இங்கே எந்த டீமிலும் இல்லை, ஏனென்றால் பதிவு நடந்த வாரங்களில் அவன் ஊரில் இல்லை. பணம் போனதைவிட அந்தச் சீசன் போனதுதான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதற்கு நம்ம ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. ஐ-லீக் என்ற தேசிய லீகின் 2018–19 சீசனில் சென்னை சிட்டி எஃப்.சி.யின் சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்னுக்குத் தள்ளிக் கோப்பையை எடுத்தார்கள். அந்த டீமின் நடு ஃபார்வர்டு பெட்ரோ மான்சி; கால்பந்தில் அந்த இடத்தை நம்பர் 9 என்பார்கள். ஸ்பெயினில் கீழ் டிவிஷன்களில் ஆடிக்கொண்டிருந்தவர், அங்கே அவரை யாரும் பெரிதாகப் பேசவில்லை. இங்கே வந்து ஒரே சீசனில் 21 கோல். அந்தக் கோல்களைக் காட்டித்தான் 2020இல் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டா கிளப் அவரை அழைத்துக்கொண்டது. கோவையில் போட்ட கோல் ஜப்பானில் எடுபட்டது என்றால், ஃபார்வர்டுக்கு வெளிநாட்டு வழி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ட்ரையலில் இல்லை, கோல் கணக்கில்.

நம்ம ஆட்கள் வெளியே போன வரலாறும் அதைத்தான் சொல்கிறது. பாய்ச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பரி கிளப்புக்கு 1999இல் போகும்போது, முதல் தேசிய லீகில் 14 கோல் அடித்து அதிக கோல் அடித்தவராக இருந்தவர். அப்படிப்பட்டவருக்கே பரியில் லீக் ஆட்டங்களில் கிடைத்தது 3 கோல்தான். சுனில் சேத்ரிக்கு 2009இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் ஒப்பந்தம் தயாராக இருந்தது. பிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70க்குள் இல்லை என்று பிரிட்டன் ஒர்க் பெர்மிட் தரவில்லை. பிறகு 2010இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி, 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் என்று போனார். இரண்டு இடத்திலும் களத்தில் இறங்கிய ஆட்டங்கள் கைவிரலுக்குள் அடங்கும். அவரைச் சர்வதேச அளவில் 90 கோலைத் தாண்ட வைத்தது, 2002இல் மோகன் பகானில் தொடங்கி இங்கே வாராவாரம் ஆடிய ஆட்டம். இதைச் சொல்வது வெளிநாடு போகாதே என்பதற்காக இல்லை. போன இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தால் ஃபார்வர்டுக்குத் துரு ஏறும். கோல்கீப்பர்கூடக் காத்திருக்கலாம், ஃபார்வர்டு காத்திருக்கக் கூடாது.

உள்ளூரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க வேண்டாம். நாட்டின் முதல்நிலை லீகான ஐ.எஸ்.எல். கிளப்கள் ஒரே நேரத்தில் சில வெளிநாட்டவரைக் களத்தில் இறக்கலாம் என்பதால், பெரும்பாலான கிளப்கள் அதில் ஒரு இடத்தை நம்பர் 9க்கு ஒதுக்கிவிடுகின்றன. நம்ம பையன் நடுவில் ஆடி வந்திருந்தாலும் விங்குக்கு, அதாவது ஓரத்துக்கு, தள்ளப்படுவான். சென்னைக்காரரான நந்தகுமார் சேகர் விங்கில் ஆடித்தான் பெயர் எடுத்தார். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த கோல், அவருடைய ஈஸ்ட் பெங்கால் டீம் அந்த டெர்பியில் (ஒரே ஊர் டீம்கள் மோதும் ஆட்டம்) வருஷக்கணக்காகத் தோற்றுக்கொண்டிருந்ததை நிறுத்தியது. ஆகையால் உங்கள் பையன் இரண்டு இடமும் ஆடப் பழகட்டும். ஆனால் 18 வரைக்கும் நடுவில் முழு 90 நிமிடம் கிடைக்கிற டீமைத் தேடுங்கள். பெரிய டீமில் கடைசி 10 நிமிடம் இறங்குவதைவிடச் சின்ன டீமில் முழு ஆட்டம் ஆடுவது மேல்.

அந்த டர்ஃப் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு என்று எங்கே பார்த்தாலும் இப்போது வாடகை டர்ஃப். ராத்திரி 10 மணிக்கு லைட் போட்டு ஆடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் ஐவர் ஆட்டத்தில் ஆஃப்சைடு (எதிரணி டிஃபெண்டர்களைத் தாண்டி முன்னாலேயே நின்று பந்து வாங்கக் கூடாது என்ற விதி) கிடையாது. ஃபார்வர்டு பையன் எதிரணி கோல் பக்கமே நின்றுகொண்டு, பந்து வந்தால் தட்டிவிடப் பழகிவிடுகிறான். இதே பையனைப் பதினொருவர் ஆட்டத்தில் இறக்கினால் முதல் பாதியிலேயே நாலு தடவை கொடி உயரும். இன்னொன்று, சுற்றிலும் வலை இருப்பதால் பந்து வெளியே போகாது, ஓடிப் பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிற இடத்தை எப்போது, எந்தக் கோணத்தில் ஓடிப் பிடிப்பது என்பதுதான் நம்பர் 9இன் தொழில். டர்ஃபில் அந்தத் தொழிலே நடப்பதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் டர்ஃப் போதும். மற்ற நாள் செம்மண்ணாக இருந்தாலும் பெரிய மைதானம்.

அடுத்த ஞாயிறு அவன் ஆட்டத்துக்குப் போங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், பையன் கழுத்தைப் பாருங்கள். பந்து இன்னும் நடுக்களத்தில் ஒருவன் காலில் இருக்கும்போது, இவன் தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறானா? நான் பயிற்சியில் இதற்கு ஒரு வேலை செய்வேன். பந்தை இவனுக்கு ஒருவன் உருட்டுகிற நேரத்தில், நான் இவன் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன். பந்து காலில் படுவதற்குள் எத்தனை விரல் என்று கத்த வேண்டும். முதல் நாள் எல்லாப் பையன்களும் பந்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டு "மூணு" என்று குத்துமதிப்பாகக் கத்துவார்கள். மூன்று வாரத்தில் கழுத்து தானாகத் திரும்ப ஆரம்பிக்கும். வெளிநாட்டு கிளப்பிலிருந்து வருகிற ஆள் உட்கார்ந்து பார்ப்பதும் இதைத்தான். ஷாட்டின் வேகம் யாருக்கும் இருக்கும்.

உடம்பு விஷயத்தில் ரொம்பப் பேசவில்லை. வார்ம்-அப்புக்கு பிஃபாவே "11 பிளஸ்" என்று 20 நிமிடப் பயிற்சித் தொகுப்பு ஒன்றை வகுத்துக் கொடுத்திருக்கிறது, முழங்கால் காயத்தைக் குறைக்கும், காசும் இல்லை. புரோட்டீன் டப்பா வாங்கிக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் நாமக்கல்லை வைத்துக்கொண்டு முட்டைக்கு என்ன பஞ்சம்? டப்பாவில் தடை செய்யப்பட்ட பொருள் ஏதாவது கலந்திருந்து ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது.

கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், பல பையன்களின் கேரியர் நிற்பது காலால் இல்லை, காகிதத்தால். வயது முதலில். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொல்வார்களே, அது மாதிரி வயதுப் பிரிவுப் போட்டிகளில் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் முதிர்ச்சியைப் பார்க்கிறார்கள். யாராவது "ஒரு வருஷம் குறைத்துப் போட்டுக்கலாம்" என்று சொன்னால் அந்த ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று, பாஸ்போர்ட் நாலிலும் பெயரும் தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் இப்போதே திருத்துங்கள்.

அடுத்தது பதிவு. பள்ளி டீம் மட்டும் போதாது. மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் இணைந்த ஒரு கிளப்பில் சேர்த்து, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் மையப் பதிவில் அவன் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னாளில் அவன் விலைபோனால், அவனை வாங்குகிற கிளப் கொடுக்கிற மாற்றுத் தொகையில் 5 சதவீதம், 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவனை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பதிவு இருந்தால்தான் அந்தப் பணம் நம்ம ஊருக்கு வரும். அவன் எங்கெங்கே ஆடினான் என்ற வரலாறும் அதில்தான் நிற்கும்.

18 தாண்டிய பிறகு ஏஜென்ட் வரலாம். பிஃபா உரிமம் தேர்வெழுதி வாங்க வேண்டியது, உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, பெயர் இல்லை என்றால் பேச்சே வேண்டாம். ஏஜென்டோடு ஒப்பந்தம் 2 வருஷத்துக்கு மேல் போடக் கூடாது. வீடியோ கேட்டால் கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிப் பாட்டு போட்டு அனுப்பாதீர்கள். மூன்று முழு ஆட்டம் அனுப்புங்கள், அதில் ஒன்று தோற்ற ஆட்டமாக இருக்கட்டும். கிளப் ஒப்பந்தத்தில் சம்பளத்தைவிட முதலில் மருத்துவச் செலவு யாருடையது, திரும்பிவரும் டிக்கெட் யாருடையது என்று பாருங்கள். இரண்டு மாதச் சம்பளம் நின்றால், 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு விலகிக்கொள்ள ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. இது தெரியாமல் பசியோடு ஆடியவர்கள் இருக்கிறார்கள்.

படிப்பை விடச் சொல்லாதீர்கள். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்திவைத்தார்கள், நாட்டின் முதல் லீகுக்கே அந்த நிலை. கோவைக் கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தால் பல்கலைக்கழகப் போட்டிகள் கிடைக்கும், அங்கிருந்து மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபிக்குத் தேர்வு. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது, ரயில்வே தனியாக எடுக்கிறது. சென்னை லீகில் ஆபீஸ் டீம்களுக்கு ஆடியே குடும்பம் நடத்திய ஃபார்வர்டுகள் பலர்.

இதைப் படிக்கிற பெண் பிள்ளைகளின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. கொஞ்ச வருஷமாக ஐரோப்பிய கிளப்கள் நம்ம பெண் ஃபார்வர்டுகளைத்தான் தேடி எடுக்கின்றன. பாலா தேவி 2020இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸுக்குப் போனார். மனிஷா கல்யாண் 2022இல் சைப்ரஸின் அப்போலோனுக்கு ஆடி, ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீகில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். இருவரும் இங்கே லீகில் கோல் குவித்துவிட்டுத்தான் போனார்கள். "அம்மணிக்கு எதுக்கு ஃபுட்பால்" என்று கேட்கிற தாத்தாக்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

பையன் சாப்பிடவில்லை என்றீர்கள். அவனிடம் வாக்குவாதம் பண்ண வேண்டாம். அந்த ஆளிடம் போர்ச்சுகல் கிளப்பின் பெயரை மட்டும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கிளப்பின் சொந்த இணையதளத்தில் இருக்கிற மின்னஞ்சலுக்குப் பையனையே எழுத வையுங்கள்: என் வயது 16, இந்தியாவில் இருக்கிறேன், இந்த ட்ரையலை நீங்கள் நடத்துகிறீர்களா, தேறினால் என்னைப் பதிவு செய்ய முடியுமா? மூன்று வரிதான். பதில் வருகிறவரை ஒரு பைசா நகர வேண்டாம்.