கூட்டாகக் காபி பதப்படுத்தினால் விலை கூடுமா?

கேள்வி: நாங்கள் 20 சிறு விவசாயிகள். காபிப் பழத்தைத் தனித்தனியாக வியாபாரியிடம் போடுகிறோம். சேர்ந்து பதப்படுத்தி விற்றால் லாபமா?

பதில்: லாபம்தான், எல்லோருடைய பழமும் ஒரே தரத்தில் இருந்தால். ஒருவர் கொண்டுவரும் பச்சைக்காயோ புளித்த பழமோ மொத்தச் சரக்கின் சுவையையும் கெடுத்துவிடும். எனவே வாசலிலேயே கறாராக இருங்கள். நன்கு சிவந்த பழத்தை மட்டும் எடுத்துத் தண்ணீரில் கொட்டுங்கள். பூச்சி துளைத்ததும் பொக்கும் மிதக்கும். அவற்றைத் தனியே காயவைத்து விற்கலாம்.

பறித்த அன்றே தோலுரிக்க வேண்டும். தோலுரிக்கும் இயந்திரமான பல்ப்பரின் இடைவெளி குறுகினால் கொட்டை நசுங்கும், அகன்றால் பழம் உரியாமல் விழும். பழத்தின் அளவு மாறும்போதெல்லாம் சரிபாருங்கள். தோலுரித்த கொட்டையில் ஒட்டியுள்ள வழவழப்பு நீங்க நொதிக்கவிடும் நேரம் குளிரைப் பொறுத்து 12 முதல் 36 மணி வரை ஆகலாம். கடிகாரத்தை நம்பாதீர்கள், கையில் தேய்த்தால் வழவழப்பின்றிக் கூழாங்கல்போல் சரசரத்ததும் கழுவிவிடுங்கள். தாமதித்தால் புளிப்பு ஏறும். கழுவிய கொட்டையை மேசைக் களத்தில் (தரையிலிருந்து உயர்த்திய வலைத் தட்டில்) 4 செ.மீ. கனத்துக்கு மேல் பரப்பாமல், கிளறிக்கிளறி ஈரப்பதம் 11 சதவீதம் வரும்வரை காயவையுங்கள். இரவில் மூடாவிட்டால் பனி இறங்கும்.

கூட்டுகள் உடைவது பெரும்பாலும் கணக்கில்தான். 100 கிலோ பழத்துக்குச் சுமார் 20 கிலோ பார்ச்மென்ட் (உள்தோலோடு காய்ந்த கொட்டை) தேறும். எடைச்சீட்டு அன்றே கொடுங்கள். முன்பணம் போக மீதியை, விற்ற பிறகு செலவுக் கணக்கைக் காட்டிப் பிரித்துக்கொடுங்கள்.