கூறாக வாங்கிய வெள்ளிக்காசுகளில் போலியை அறிதல்: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் பழைய வீடுகள் கைமாறும்போது றங்குப்பெட்டியின் அடியிற் கிடந்த வெள்ளிக்காசுகள் பெரும்பாலும் ஒரே கூறாகவே, அதாவது பிரிக்காமல் மொத்தமாகவே, விலைபோகின்றன. அவற்றுள் மூன்று வகை அடிக்கடி காணப்படும். இலங்கைக்கெனத் தனி வெள்ளி ரூபாய் அக்காலத்தில் இல்லாமையால் இங்கே புழங்கிய இந்திய ரூபாய்கள் ஒரு வகை. 10, 25, 50 சத இலங்கைக் காசுகள் மற்றொன்று. மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியோர் கொணர்ந்த டொலர்கள் மூன்றாவது. இத்தகைய கூறுகளைப் பற்றி அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன்.

சுன்னாகம் அன்பர்: நான் வாங்க எண்ணியுள்ள கூறில் 1939ஆம் ஆண்டு இந்திய ரூபாய் ஒன்று உள்ளது. அது மிக அரிது என்கிறார்கள். அதை எவ்வாறு சோதிப்பது?

முதலில் அந்தக் காசை ஒருபுறம் வைத்துவிட்டு மற்றக் காசுகளை ஆராயுங்கள். அரிய காசொன்றைத் தனியே நீட்டினால் வாங்குபவர் ஐயுறுவார் என்பது விற்பவருக்குத் தெரியும். ஆகவேதான் ஐயத்துக்கிடமற்ற சாதாரணக் காசுகள் பலவற்றின் நடுவே போலியை நுழைக்கிறார்கள். அதே சாதாரணக் காசுகளே உங்களுக்கு அளவுகோலாகவும் அமையும். விக்டோரியா காலம் தொடக்கம் 1938 வரையான ரூபாய்களை எடுத்து, நூறிலொரு கிராம் காட்டும் இலத்திரனியல் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். புதிய ரூபாயின் எடை 11.66 கிராம். புழங்கித் தேய்ந்தவை இதற்குச் சற்றுக் குறைவாக நிற்கும். தேய்வே தெரியாத காசு 11.2 கிராம் காட்டினாலும், நன்கு தேய்ந்த காசு 11.8 கிராம் காட்டினாலும் அதைத் தனியே வையுங்கள்.

இனி 1939க்கு வருவோம். 1940 முதல் ரூபாயின் வெள்ளி 91.7 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்த மாற்றத்துக்கு முந்திய இவ்வாண்டுக் காசு இன்று மிகச் சிலரிடமே உள்ளது. எளிதிற் கிடைக்கும் 1938 ரூபாயில் கடைசி 8 ஐ அரத்தாலோ ஊசியாலோ 9 ஆக்குவது போலிகளில் ஒரு முறை. இங்கே தராசு உதவாது, ஏனெனில் அடிக்காசு நல்ல வெள்ளிதான். ஆனால் 1939இல் இரண்டு 9கள் உள்ளன; முதலாவது 9 அச்சிட்டபோதே விழுந்தது. பத்து மடங்கு பெருக்கிக்காட்டும் லென்சின் கீழ் இரண்டையும் அருகருகே ஒப்பிடுங்கள். வாலின் வளைவு, வால்முனையின் தடிப்பு, மேல்வட்டத்தினுள் இருக்கும் வெளியின் அளவு ஆகியன ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். பின்னர் காசைச் சாய்த்து, கடைசி இலக்கத்தைச் சுற்றிய தரையை, அதாவது எழுத்தோ உருவமோ இல்லாத வெறும் பரப்பை, பாருங்கள். அவ்விடத்தில் மட்டும் தரை பள்ளமாகவோ, அளவுக்கு மீறி மினுமினுப்பாகவோ, ஒரே திசையில் ஓடும் நுண்கீறல்களோடோ தோன்றினால் அது செதுக்கிய காசு.

அதே அன்பர்: விற்பவர் அந்தக் காசைப் பிரித்துத் தர மறுக்கிறார்.

அப்படியானால் அந்த ரூபாய் கூறில் இல்லை என்று எண்ணி விலை பேசுங்கள். அவ்விலைக்கு அவர் இணங்காவிடில் விட்டுவிடுவதே நல்லது.

பருத்தித்துறை அன்பர்: எடை சரியாக இருந்தும் மனம் ஒப்பவில்லை. காசைக் காயப்படுத்தாமல் வெள்ளிதானா என்று அறிய வழியுண்டா?

தண்ணீரில் நிறுப்பதே வீட்டிற் செய்யக்கூடிய சிறந்த சோதனை. தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து அளவைப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நூலிற் கட்டி, முழுவதும் மூழ்கியும் குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாமலும் இருக்குமாறு தொங்கவிடுங்கள். காசில் ஒட்டும் காற்றுக்குமிழிகள் கணக்கைக் கெடுக்குமாதலால், முன்கூட்டியே அதைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துக்கொள்வது நன்று. தராசு இப்போது காட்டுவது காசு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 11.66 கிராம் நல்ல ரூபாய்க்குத் தராசு ஏறக்குறைய 1.13 கிராம் காட்டும், அடர்த்தி 10.3 என வரும். அதே எடையில் செம்பும் நிக்கலும் கலந்து செய்த போலி 1.3 கிராம் அளவு காட்டும். 1940 முதல் வந்த பாதி வெள்ளி ரூபாய்களுக்கு ஏறக்குறைய 9.5 வருவது சரியே. இலங்கை 50 சதத்திலும் இவ்வேறுபாடு உண்டு: பழையவை 80 சதவீத வெள்ளி, 1919 முதல் 55 சதவீதம். எனவே ஆண்டைப் பாராமல் அடர்த்தியை மட்டும் கொண்டு எதையும் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

உள்ளே ஈயம் வைத்து மேலே வெள்ளி பூசிய காசு மட்டும் இச்சோதனைக்குத் தப்பக்கூடும், ஏனெனில் ஈயம் வெள்ளியிலும் கனமானது. அதற்கு ஓசை உதவும். காசை விரல்நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் மெல்லத் தட்டினால் வெள்ளியின் நாதம் நீண்டு ஒலிக்கும். ஈயம் மொத்தென்று அடங்கும். சீமெந்துத் தரையிற் போட்டுப் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள்.

சாவகச்சேரி அன்பர்: கஸ்தூரியார் வீதியில் நகைக்கடையிற் கொடுத்து உரைத்துப் பார்த்தால் போதாதா?

உருக்கப் போகும் வெள்ளிக்கு அது போதும். சேகரிப்புக் காசில் உரைகல்லும் அமிலமும் மாறாத தழும்பை விட்டுவிடும்; தடித்த முலாம் பூசிய போலியோ சோதனையில் தேறியும்விடும்.

காரைநகர் அன்பர்: பாட்டனார் மலாயாவிலிருந்து கொண்டுவந்த டொலர்களில் எட்வேர்ட் மன்னரின் தலை பொறித்த இரண்டு உள்ளன. ஒன்று பெரிது, மற்றது சிறிது. சிறியது போலியா?

அன்று. வெள்ளியின் விலை ஏறி, காசின் பெறுமதியைவிட உலோகத்தின் பெறுமதி மிகுந்துவிடும் நிலை வந்தபோது, நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரித்தானிய ஆட்சிப்பகுதியின்) டொலர் சிறிதாக்கப்பட்டது. 1903, 1904ஆம் ஆண்டுக் காசுகள் 26.95 கிராம், 1907 தொடக்கம் வந்தவை 20.2 கிராம். இரண்டும் 90 சதவீத வெள்ளி. 1919, 1920இல் ஜோர்ஜ் மன்னரின் டொலர் 16.85 கிராமாகவும் பாதி வெள்ளியாகவும் மேலும் சுருங்கியது.

திரிசூலம் ஏந்திய பெண் நிற்கும் டொலர் ஏதேனும் அப்பெட்டியில் இருந்தால் அதையே கூர்ந்து பாருங்கள். 1895 முதல் 1935 வரையான அந்த வணிக டொலருக்குப் போலிகள் ஏராளம். எடை 26.95 கிராம், விட்டம் 39 மில்லிமீற்றர். மலிவு உலோகத்தால் இவ்விட்டத்தில் இவ்வெடையை எட்ட வேண்டுமாயின் காசு தடித்தே தீரும். ஆகவே தடிப்பையும் அளந்து பாருங்கள். வார்த்தெடுத்த போலியில் சீன எழுத்துகளின், யாவி எனப்படும் அரபுவடிவ மலாய் எழுத்துகளின் விளிம்புகள் மழுங்கியிருக்கும், தரையில் ஊசித்துளைகள் போன்ற குழிகள் காணும், விளிம்பைச் சுற்றி இணைப்புக்கோடு ஓடும்.

நல்லூர் அன்பர்: இந்தியாவுக்கு யாத்திரை போன உறவினர் 1818 எனப் பொறித்த கிழக்கிந்தியக் கும்பனிக் காசொன்று தந்தார். ஒரு பக்கத்தில் இராமர், சீதை, இலக்குமணர் உள்ளனர்.

அது காசே அன்று; கோயில் வாசல்களில் விற்கும் வில்லை. கும்பனி அப்படியொரு காசை வெளியிடவில்லை. ஆனால் தெய்வ உருவம் இருந்தாலே போலி என்று எண்ணிவிடவும் கூடாது: சென்னை அக்கசாலையின் (காசு அச்சிடும் சாலையின்) அரை, கால் வராகன் வெள்ளிக்காசுகளில் ஒரு பக்கம் கோபுரமும் மறுபக்கம் திருமாலும் உண்மையாகவே உண்டு. திருமாலைச் சுற்றித் தமிழும் தெலுங்கும் இருக்கும். வார்ப்புப் போலிகளில் தமிழெழுத்தின் சுழிகள் அடைபட்டுக் கிடப்பது நம் கண்ணுக்கு உடனே தெரியும்.

உரும்பிராய் அன்பர்: மேல்விளிம்பில் தழும்புள்ள ரூபாயை ஒதுக்கிவிடலாமா?

வளையம் பற்றவைத்து அணிந்த காசாக இருக்கும். காசு மெய்யானதே, ஆனால் சேகரிப்பு விலை பாதிக்கும் கீழே இறங்கலாம்.

கந்தரோடை அன்பர்: தோட்டம் கொத்தியபோது சதுரமான சிறு வெள்ளித்துண்டுகள் வந்தன. சூரியன்போல் முத்திரைகள் உள்ளன. இவையும் போலியா?

உங்கள் ஊரில் முத்திரை குத்திய பழங்காசுகள் முன்பும் கிடைத்துள்ளன. ஆகவே அவை மெய்யாக இருக்க இடமுண்டு. கழுவவோ தேய்க்கவோ வேண்டாம், எவருக்கும் விலை பேசவும் வேண்டாம். நிலத்தினடியிற் கிடைத்த தொல்பொருள் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது. கிடைத்த இடத்தைக் கலைக்காமல், துண்டுகளை மண்ணோடு கடுதாசியிற் பொதிந்து, தொல்பொருள் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கு அறிவியுங்கள்; நாவலர் வீதியிலுள்ள நூதனசாலையில் விசாரித்தாலும் வழி சொல்வார்கள்.